பேத்தியைப் பார்க்க அனுமதி

தெமோதரைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் அழகையா என்று மட்டும் கேட்டால் எந்த அழகையா என்பார்கள். ரோலர் ரூம் அழகையா என்று கேட்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே வாழ்க்கையின் பெரும்பகுதியை நின்றே கழித்தவர் அவர். அந்த இரைச்சல் அவருடைய இடது காதை முழுதாகத் தின்றுவிட்டது. வலது காதில் மட்டும் உலகம் கேட்டது. ஓய்வு பெற்று, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குத் திரும்பிய பிறகு, இனி ஒரு வேலையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் மகள் சுதர்ஷினியின் பிள்ளை அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சுதர்ஷினியின் புருஷன் நிஷாந்த் அப்போது பெரிய குடிகாரன். ஒரு நாள் பண்டாரவளைக்கு வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கையில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம். தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. சுதர்ஷினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்தாள். அழகையாவின் மனைவி அதற்கு முந்தின வருடமே காலமாகியிருந்தாள். போகிற காலையில் பிள்ளை கம்சலா நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

"எழுப்பாதீங்கப்பா. அவ முழிச்சா நான் போக மாட்டேன்" என்றாள் சுதர்ஷினி.

அவர் எழுப்பவில்லை.

ஒரு கிழவன் தனியாகப் பெண்பிள்ளை வளர்ப்பதை லயமே வேடிக்கை பார்த்தது. தலை பின்னத் தெரியாமல் முதல் மாதம் ரப்பர் வளையம் போட்டே ஒப்பேற்றினார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் பக்கத்துக் காம்பரா ராசம்மா, "அண்ணே, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டுத் தன் மகளுடைய தலையிலேயே சொல்லிக் கொடுத்தாள். பிறகு கம்சலாவின் பின்னல்தான் பாடசாலையில் நேரான பின்னல். பிள்ளை எப்போதும் அவருக்கு வலது பக்கம்தான் உட்காருவாள். பேசினால் அந்தப் பக்கம்தான் கேட்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. இரவில் குவைத்திலிருந்து போன் வரும். பிள்ளை போனைத் தன் காதில் வைத்துக் கேட்டு, அம்மா சொன்னதை மறுபடி தாத்தாவின் வலது காதுக்குள் சொல்வாள்.

கம்சலா இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் அழகையா வழக்கம்போல் பாடசாலைக் கேட்டில் போய் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய குடையையும் கொண்டு போயிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. பாடசாலை அதிபர் வாசலுக்கு வந்து அவரை உள்ளே கூப்பிட்டார்.

"அழகையாண்ணே, அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"எந்த அப்பா?"

"நிஷாந்த். பிறப்புச் சான்றிதழ் கொண்டாந்து காட்டுனாரு. பேரெல்லாம் சரியா இருக்கு. நான் என்னத்தச் சொல்லி மறிக்கிறது?"

"இத்தன வருசமா கூட்டியாந்து விட்டது யாரு சேர்?"

"நீங்கதான். ஊருக்கே தெரியும். ஆனா பேப்பர்ல நீங்க இல்லையேண்ணே."

அழகையா அந்தக் குடையோடு அப்படியே பஸ் ஏறிப் பொலிசுக்குப் போனார். சிறுவர், மகளிர் பிரிவில் இருந்த பெண் பொலிஸ் தமிழ் பேசத் தெரிந்தவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, அப்பா தன்ட பிள்ளையக் கூட்டிட்டுப் போனா அதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது. நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றாள். அவர் எழுந்த பிறகு, வெளியே மழை பெரிதாகிவிட்டதைக் காட்டி, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

பதுளையில் இலவசச் சட்ட உதவி கொடுக்கும் இடத்தில் அவருக்குக் கிடைத்த சட்டத்தரணி ஜெனீரா என்ற இளம் பெண். முக்காடு போட்ட தலையைச் சாய்த்து அவர் சொல்வதை முழுக்கக் கேட்டாள். இடது காது கேட்காது என்று தெரிந்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, நேராவே சொல்றேன், மனசு நோகக் கூடாது. பிள்ளைக்கு மொதல்ல அப்பா, அம்மா. அவங்களுக்குப் பொறகுதான் மத்தவங்க. தாத்தாங்கிற ஒரு காரணத்துக்காக மட்டும் பிள்ளைய உங்க கையில கொடுக்க மாட்டாங்க. நமக்கு இருக்கிறது ஒரே வழி. பிள்ளைக்கு எது நல்லதுன்னு கோர்ட் பார்க்கும். பெத்தவங்க ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல நீங்கதான் வளர்த்தீங்க, இப்பவும் அவங்களால வளர்க்க ஏலாதுன்னு காட்டணும்."

"ரெண்டு பேருமா மிஸ்?"

"ரெண்டு பேரும்தான்."

"எம்மக அப்படி இல்லீங்க. மாசா மாசம் அனுப்புறா. ராத்திரி பேசாம தூங்க மாட்டா."

"அதச் சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? அப்ப பிள்ளைக்கு அக்கறையான அம்மா இருக்காங்க, எங்க அவங்கன்னு கேப்பாங்க. குவைத்துலன்னு சொல்வோம். அப்பா இங்கயே இருக்காரேன்னு சொல்வாங்க. நீங்க நடுவுல யாருன்னு ஆயிரும்."

"அவளை வரச் சொன்னா?"

"வந்தா ரொம்ப நல்லது. வர முடியுமா?"

அதை அன்றிரவே அவர் கேட்டார். போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, வாசலில் நின்று கேட்டார். சுதர்ஷினி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அடங்கிய குரலில் பேசினாள். பாஸ்போர்ட் வீட்டுக்காரியிடம் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் கிழவியைப் பார்க்க வேறு ஆள் வராமல் விடமாட்டோம் என்கிறார்கள். சொல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும்.

"ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும்ங்கிறாங்கம்மா. கோர்ட்டுக்கு" என்றார் அழகையா.

"போடுங்கப்பா. எதுல வேணும்னாலும் போடுங்க. புள்ள நம்மகிட்ட வந்தாச் சரி."

அந்தப் பேப்பரில் என்ன எழுதப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. கிழவி கூப்பிடுகிறாள் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

சத்தியக்கடதாசியை ஜெனீரா ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசித்துக் காட்டினாள். நிஷாந்தைப் பற்றிய பகுதி அவருக்குச் சுலபமாக இருந்தது. அடுத்தது மகளைப் பற்றியது. பிள்ளையின் தாயார் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வெளிநாடு சென்றார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தடவையேனும் வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. எப்போது திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை வளர்க்கும் நிலையில் அவர் இல்லை.

"இதுல பொய் ஒண்ணும் இல்லையே ஐயா?"

அழகையா யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக எடுத்தால் எதுவும் பொய் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் தன் மகளை அடையாளமே தெரியவில்லை.

"அவ போன் பேசுறதப் போடலையே?"

"போட்டா நம்ம கேஸ் நிக்காது ஐயா. அத அவங்க சொன்னாச் சொல்லட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார். பெயரை முழுதாக எழுதி முடிக்க அவருக்கு எப்போதும் நேரம் எடுக்கும். அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்தது.

நீதிமன்றத்தில் நிஷாந்தைப் பார்த்தபோது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தள்ளாடிக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு, முகம் தெளிந்து, எல்ல என்ற ஊரில் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றும் வேன் ஓட்டுகிறவனாக வந்திருந்தான். குடியை விட்டுவிட்டானாம். பண்டாரவளையில் சீமெந்து போட்ட வீடு. புது மனைவிக்குப் பிள்ளை இல்லை. நீதிபதி கேட்ட கேள்விக்கு அவன் சிங்களத்திலேயே தடங்கல் இல்லாமல் பதில் சொன்னான். வெளியே வந்ததும் அவரிடம் நேராக வந்தான்.

"மாமா, நான் அப்ப மனுசனா இல்ல. அது எனக்குத் தெரியும். அதுக்காக எம்புள்ள லயத்துலயே கெடக்கணுமா?"

"லயத்துல கெடந்தப்ப எங்கடா இருந்த?"

அவன் தலை குனிந்துகொண்டான். அதுவும் அழகையாவுக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

நன்னடத்தை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து பார்த்தார். காம்பராவை அளவெடுப்பது போலச் சுற்றிப் பார்த்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். லயத்துக்கு வெளியே இருப்பதைக் காட்டினார் அழகையா. பிள்ளை எங்கே தூங்குவாள், அவர் எங்கே தூங்குவார் என்று கேட்டார். கடைசியாக, மிகவும் மரியாதையான குரலில், "பிள்ளை பெரிசாகும்போது வீட்டுல பொம்பளை யாரு இருக்காங்க?" என்றார். ராசம்மா இருக்கிறாள் என்றார் அழகையா. அவள் உறவா என்று வந்தவர் கேட்டார். இல்லை. உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார்.

வழக்கு முடியும்வரை பிள்ளை தகப்பனிடம் இருக்கட்டும் என்று நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். தாத்தா மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, பண்டாரவளையில் பிள்ளையைப் பார்க்கலாம். நகரத்தை விட்டு வெளியே கூட்டிப்போகக் கூடாது. ஜெனீரா சந்தோஷப்பட்டாள். "ஒண்ணுமில்லாம வந்தோம் ஐயா. இப்ப கையில ஒரு உத்தரவு இருக்கு" என்றாள்.

அழகையாவுக்கு வேறொரு யோசனை வந்தது. காம்பராவை விட்டுவிட்டுப் பண்டாரவளைக்கே போய் எங்காவது காவல் வேலை பார்த்தால் என்ன? பாடசாலை விடுகிற நேரத்தில் ரோட்டோரம் நின்றாவது பார்க்கலாமே.

"அப்படி ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்றாள் ஜெனீரா. "அவ வளர்ந்த வீடு இங்க இருக்கு, பழகின சனம் இங்க இருக்குங்கிறதுதான் நம்ம கேஸே. நீங்க அந்தக் காம்பராவ விட்டா எந்த வீட்டுக்குப் பிள்ளையக் கேக்குறது? ரோட்டுல நின்னு பார்த்தீங்கன்னா உத்தரவ மீறுனதா வேற சொல்லுவாங்க."

ஆகவே பிள்ளை இல்லாத காம்பராவில், பிள்ளைக்காக அவர் இருக்க வேண்டியதாயிற்று. அவளுடைய பாயை எடுத்து வைக்கவும் முடியவில்லை. உத்தியோகத்தர் மறுபடி வந்து பார்த்தாலும் பார்ப்பார்.

முதல் சனிக்கிழமை கம்சலா, நிஷாந்த் கொண்டுவந்து விட்ட நன்னடத்தை அலுவலக வாசலிலிருந்தே ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடையில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸ் தின்றாள். காலில் புதுச் சப்பாத்து. சொத்தைப் பல்லுக்கு மருந்து வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பல்லுக்காக அவளோடு இரவெல்லாம் விழித்திருந்தவர் அவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்தியிருந்தார். சின்னம்மா அடிக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்பா குடிக்கிறாரா? இல்லை. சோறு? மீன் கூடத் தருகிறார்கள். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று தேடுகிற தன் புத்தியை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அப்ப என்ன கண்ணு, அங்கயே இருக்கியா?"

"இல்ல. வீட்டுக்கு எப்ப போறது தாத்தா?"

"கேஸ் முடியணும்."

"கேஸ்னா என்ன?"

அவர் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்த அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை பார்க்கப் போனபோதுதான் அது நடந்தது. கம்சலாவுக்கு ரயில் பார்க்க ஆசை. பண்டாரவளை ஸ்டேஷன் நகரத்துக்குள்தானே இருக்கிறது என்று கூட்டிப்போனார். பதுளைக்குப் போகிற ரயில் வந்து நின்றது. கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அவர் கையை உதறிவிட்டு ஏறிவிட்டாள். இறக்குவதற்காகத்தான் அவரும் ஏறினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். ரயில் அசைந்தது. வண்டி வேகமெடுப்பதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு குதித்து இறங்கியிருக்கலாம். அதை அவர் பிற்பாடு நீதிமன்றத்தில் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். அவர் உட்கார்ந்தார்.

கினிகம போனது. ஹீல் ஓயா போனது. மலைச்சரிவில் தேயிலை வரிசை வரிசையாகப் பின்னால் ஓடியது. பிள்ளை ராசம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாள், எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் எதையும் நினைக்கவில்லை.

எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரக் கூட்டம் பைகளோடு நெருக்கிக்கொண்டு ஏறியது. அடுத்தது தெமோதரை. இறங்கினால் மேட்டில் ஏற வேண்டியதுதான், லயம் வந்துவிடும். அதற்குப் பிறகு? நிஷாந்த் மூன்று மணிக்கு அலுவலக வாசலில் வந்து நிற்பான். பொழுது சாய்வதற்குள் லயத்து வாசலில் பொலிஸ் ஜீப் நிற்கும். பிள்ளையின் கண்ணெதிரே அவரை ஏற்றுவார்கள். அப்புறம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்பதும் இல்லை. மகள் வந்து கேட்டால் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

"எறங்கும்மா" என்றார்.

"இது எல்ல தாத்தா. நம்ம ஸ்டேசன் அடுத்தது."

"தெரியும் கண்ணு. எறங்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். தாத்தாவும் பேத்தியும் விளையாடுகிறார்கள் என்று நினைத்து எதிரே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள். பிளாட்பாரத்தில் அவர்கள் நிற்கும்போது ரயில் தெமோதரையைப் பார்த்துப் போனது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் அவரும் சேர்ந்து அழுதிருப்பார்.

பஸ் கிடைத்துப் பண்டாரவளைக்குத் திரும்பும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. நிஷாந்த் வாசலில் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

"என்ன மாமா இது? நான் பயந்தே போயிட்டேன்."

அவன் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. ஆனால் உத்தியோகத்தர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று எழுதினார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு அழகையா எல்ல என்று உண்மையைச் சொன்னார். நானே திருப்பிக் கூட்டி வந்தேன் என்றும் சொன்னார். இரண்டும் பதிவாகின. வழக்கின் அடுத்த தவணையில் நீதிபதி முதலாவதைத்தான் அதிகம் கவனித்தார். இனிப் பார்ப்பதானால் அலுவலக அறைக்குள், உத்தியோகத்தர் முன்னால்தான் என்றாகிவிட்டது.

அந்த அறையில் மூன்று கதிரைகள். கம்சலா வந்து அவருடைய இடது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். தெரியாமல் செய்கிறாளோ என்று நினைத்து, "இங்கிட்டு வா கண்ணு" என்றார். அவள் நகரவில்லை. ஏதோ கொஞ்சம் பேசினாள். உதடு அசைந்ததைப் பார்த்தார். என்ன என்று மறுபடி கேட்க, உத்தியோகத்தர்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார்: "தாத்தாவே கொண்டுவந்து விட்டுட்டாருன்னு சொல்லுது."

அந்த வருடக் கடைசியில் குவைத்துக் கிழவி செத்துப்போனாள். சுதர்ஷினி முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினாள். இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, இரண்டு பெட்டிகளோடு மேட்டில் ஏறி வந்தாள். ஒரு பெட்டி நிறையப் பிள்ளைக்கு உடுப்பு. அதில் பாதி கம்சலாவுக்கு இப்போது அளவு சேராது. அந்தப் பாதியை, தான் போகும்போது பிள்ளை இருந்த உயரத்தை வைத்தே வாங்கியிருந்தாள்.

இனிக் கவலையில்லை என்று அழகையா நினைத்தார். தாய் வந்துவிட்டாள். ஜெனீராவும் அப்படித்தான் நினைத்தாள் போலிருந்தது, ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்கும் கட்டுக்காவல் உரிமை கேட்டு, சுதர்ஷினியின் பெயரில் மனு போட்டார்கள்.

விசாரணை நாளில் நிஷாந்தின் சட்டத்தரணி எழுந்து ஒரு கடதாசியைக் கையில் எடுத்தார். சுதர்ஷினியைப் பார்த்து, பிள்ளை மீது அக்கறை இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். வந்து பார்த்தீர்களா? முடியவில்லை என்றாள். அப்படியானால் இது உங்கள் தகப்பனார் சத்தியம் செய்து கொடுத்தது என்று வாசிக்க ஆரம்பித்தார். சிங்களத்தில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ஒரு தடவையேனும் வந்து பார்க்கவில்லை. எப்போது திரும்பி வருவார் என்று தெரியாது. பிள்ளையை வளர்க்கும் நிலையில் அவர் இல்லை.

சுதர்ஷினி கூண்டில் நின்றபடியே திரும்பி, பின்வரிசையில் இருந்த தகப்பனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் போலப் பார்த்தாள்.

தீர்ப்பு கொடுமையானது என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளை தகப்பன் வீட்டில் பழகிவிட்டாள், படிப்பு நன்றாகப் போகிறது, அதைக் குலைக்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளிலும் பாடசாலை விடுமுறையில் பாதியும் தாயோடு இருக்கலாம். தாய்க்கு முறையான வீடு இருக்க வேண்டும். தாத்தாவைப் பொறுத்தவரை, தாயே வந்துவிட்டதால் அவருக்கென்று தனி உத்தரவு தேவையில்லை. பிள்ளை தாயிடம் இருக்கும்போது அவர் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி, அவர் பக்கம் பார்த்து, கனிவாகவே. பழைய அனுமதி அத்தோடு முடிந்தது.

வெளியே படியில் சுதர்ஷினி நின்றாள்.

"எழுதுனது தப்புன்னு சொல்லலப்பா. எழுதாட்டி அன்னைக்கே எல்லாம் போயிருக்கும். எனக்குப் புரியுது. எங்கிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்னுருப்ப."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் படியிறங்கித் தனியாகப் பஸ்ஸுக்கு நடந்தாள். ஹாலிஎலயில் ஒரு சின்ன வீட்டு அறையை அவள் வாடகைக்கு எடுத்தாள். பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லயத்தில் இருந்த பெட்டிகளை எடுக்க வந்தபோது, "நீங்களும் வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அழகையா காத்திருந்தார். ராசம்மாகூட வாசலில் வந்து நின்று பார்த்தாள். சுதர்ஷினி பிள்ளையின் பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

முதல் இரண்டு வாரமும் அவராகப் போகவில்லை. மூன்றாவது வாரம் போன் போட்டுக் கேட்டார். சொந்த மகளிடம் இப்படி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 

"ஞாயித்துக்கிழம பின்னேரம் வாங்க" என்றாள் சுதர்ஷினி. "நாலு மணிக்குப் போயிருங்க. அவங்கப்பா அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவாரு. அதுக்கு முந்தி அவளக் குளிப்பாட்டணும். ரோட்டுப் பக்கம் எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. கோர்ட்டுல ஏதாவது சொல்லிருவாங்க."

அவர் போனார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரையில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார். சுதர்ஷினி தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்தாள். கம்சலா மேசையில் குனிந்து சிங்கள எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. அழகாக இருக்கிறது என்றார். அவள் தலை நிமிராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறுவரை ஓட்டினார். சில ஞாயிறுகளில் போய்ச் சேரும்போது கதவு பூட்டியிருக்கும். கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஏன் என்று ஒரு நாளும் போனில் கேட்டதில்லை. கேட்டால் அந்த நாலு மணியும் போய்விடுமோ என்று பயம்.

லயத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இன்னொரு வழக்குப் போடச் சொன்னார்கள். பதுளைக்குப் போன ஒரு நாள் ஜெனீராவிடமும் கேட்டுப் பார்த்தார். அவள் அதே போலக் கதிரையைத் தூக்கி வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"போடலாம் ஐயா. உங்களுக்குன்னு தனியா பார்க்குற நேரம் கேக்கலாம். ஆனா பிள்ளைய உங்களுக்குக் காட்ட மாட்டேங்கிறாங்கன்னு சொல்லணும். இந்தத் தடவை உங்க மகளுக்கு எதிராத்தான் எழுதணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"வேணாம் மிஸ்" என்றார் அழகையா. சட்டென்று எழுந்துவிட்டார். பிறகு அவளுக்கு மரியாதைக் குறைவாகப் போய்விட்டதோ என்று திரும்பி நின்று, போய் வாரேன் என்று சொன்னார்.

போன ஞாயிறு கம்சலா அவரோடு வாசல் தாண்டி, பஸ் நிற்கிற கடை முக்குவரை வந்தாள். சுதர்ஷினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்லவில்லை. பிள்ளை இப்போது அவர் தோளுக்குக் கொஞ்சம் கீழேதான். கடை முன்னால் நின்று, ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த கிழமையும் வருவீங்களா தாத்தா?"

"அம்மா வரச் சொன்னா வாரேன் கண்ணு."

"நீங்க கேக்கலையா?"

"நீ கேட்டுப் பாரேன்."

"இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். வாசலில் தாயும் மகளும் பேசுவது தெரிந்தது. சுதர்ஷினி குனிந்து பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் பஸ் வந்து நின்றது. "தெமோதர, தெமோதர" என்று கத்திய கண்டக்டர், கிழவன் ஏறாமல் நிற்பதைப் பார்த்து, இதுக்குப் பொறகு பஸ் இல்ல தாத்தா என்றான். அழகையா இன்னொரு தடவை வாசலைப் பார்த்தார். பிள்ளை இன்னும் திரும்பவில்லை. அவர் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.